கழியின் கணக்கு

கிசங்கானியில் ஏறினேன்.
மூன்று தகர மிதவைகளை இரும்புக் கயிற்றால் பிணைத்து
பின்னாலிருந்து ஒரு கிழட்டு இயந்திரம் முட்டித் தள்ளியது.
அதைக் கப்பல் என்றார்கள்.
நானூறு பேர், பன்றிகள் பதினேழு,
சோப்புப் பெட்டிகள், ஒரு தையல் மெஷின்,
தையல் மெஷின்மேல் உறங்கும் ஒரு குழந்தை.

பதினோரு மாதச் சம்பளம் பாக்கி.
கேட்டுவரத் தலைநகர் போகிறேன்.
மடியில் கோப்பு, கோப்பில் எட்டு முத்திரைகள்.
அவற்றில் ஒன்று மழையில் கரைந்து
கத்தரிப்பூ நிற மேகமாகிவிட்டது.
இருப்பதில் அதுதான் பார்க்க நன்றாயிருக்கிறது.

எதிர்க்கரை என்று நினைத்தது தீவு.
தீவுக்கு அப்பால் இன்னொரு தீவு.
மூன்றாம் நாள்தான் அக்கரை தெரிந்தது;
அதுவும் தீவு என்றான் பொகூங்கு.

முன்மிதவையின் நுனியில் நிற்பவன் அவன்.
கையில் சிவப்பும் வெள்ளையும் மாறிமாறிப் பூசிய கழி.
குத்துவான், உருவுவான்,
ஈரம் ஏறிய கோட்டைப் பார்த்து
பின்னால் மாலுமிக்கு விரல்களைக் காட்டுவான்.
நான்கு. நான்கு. மூன்று. நான்கு.
வாய் திறப்பதில்லை, இயந்திரச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?
வயது இருபத்திரண்டு. நீச்சல் தெரியாது.
ஏன் என்றேன்.
எவ்வளவு ஆழம் என்று தெரியும், அதனால்தான் என்றான்.

விடியலில் காட்டின் இருட்டு கிழிந்து
தோணிகள் பாய்ந்து வரும்.
ஓடுகிற மிதவையின் விளிம்பை
ஒரு கையால் எட்டிப் பிடிக்க வேண்டும்.
பிடித்தவர்கள் விற்றார்கள்:
புகையிட்ட மீன், இலையில் கட்டிய மரவள்ளி,
வாளி நிறைய நெளியும் புழுக்கள்.
பொலும்பு புழுவை ஒரு தகரக் குவளையால் அளந்து வாங்கி
அதே குவளையால் உப்பை அளந்து கொடுத்தாள்.
உப்புக்கு மட்டும்
அவள் கட்டைவிரல் குவளைக்குள் இருந்தது.

ஒரு பையன் பிடி தவறினான்.
தோணி புரண்டது.
கப்பல் நிற்கவில்லை, நிற்காது.
கவிழ்ந்த தோணியைக் கட்டிக்கொண்டு
அவன் எங்களைத் திட்டிய குரல் வளைவுவரை வந்தது.
அன்னாசிகள் மட்டும்
ஆகாயத்தாமரைக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டு
எங்களுக்கு முன்னால் போயின.

லிசாலாவில் கோபுரம் தெரிந்ததும்
எல்லாரும் கைபேசியைத் தூக்கிக்கொண்டு வலப்பக்கம் ஓட,
கப்பல் சாய்ந்தது.
மாலுமி கத்தினான்.
இருநூறு பேர் ஒரே சமயத்தில்
“கேட்கிறதா, கேட்கிறதா” என்றார்கள்.

ஆறாம் நாள்
பொகூங்குவின் இரண்டாம் விரல் மடங்குமுன்
மணல் முந்திக்கொண்டது.

மறுநாள் மணல்திட்டில் முடிதிருத்தும் கடை.
அதற்கு மறுநாள் கால்பந்து.
நான்காம் நாள் ஒரு பன்றி யாருடையது என்று வழக்கு,
அதில் இருதரப்பிலும் சாட்சி சொன்னவர் ஒருவரே.
பொலும்பு பொரித்த புழு மடிக்கத் தாள் கேட்டாள்.
விண்ணப்பத்துக்கு மூன்று படிகள் வைத்திருந்தேன்;
ஒன்றைக் கொடுத்தேன்.
‘மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு’
என்ற வரியில் எண்ணெய் ஊறிப் பரவியது.
ஒரு பொட்டலம் எனக்கும் தந்தாள்.
காசு வாங்கவில்லை.
உப்பு கொஞ்சம் அதிகம்.

ஐந்தாம் இரவு
மேலே எங்கோ, நாங்கள் பார்க்காத ஊரில் மழை.
எந்தச் சத்தமுமில்லாமல் தகரம் மணலை விட்டு எழுந்தது.
முதலில் பன்றிகளுக்குத்தான் தெரிந்தது.

தூக்கக் கலக்கத்தில் பொகூங்கு கழியைக் குத்தினான்,
இருட்டில் விரல்களைக் காட்டினான்.
யார் பார்ப்பது?
முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னான்: ஐந்து.

பக்கத்தில் படுத்திருந்தவர் அதை வாங்கி
அடுத்தவரிடம் சொன்னார்.
ஐந்து. ஐந்து.
உறங்குகிறவர்களைத் தாண்டித் தாண்டி
மாலுமி இருக்கும் திசைக்கு அது நகர்ந்தது.
என்னிடம் வந்தபோது
தலைக்கு வைத்திருந்த கோப்பிலிருந்து எழுந்து
பின்னால் திரும்பி, ஐந்து என்றேன்.
அங்கே யாரென்று தெரியவில்லை.
அவர் வாங்கிக்கொண்டார்.